இலக்கியா உடைக்கவில்லை

சன்னலோர இடம் காலியாகவே இருந்தது. வெளியே விடாமல் மழை பெய்ததால், சாரல் மட்டும் அவ்வப்போது உள்ளே வந்து அந்தப் பலகையை நனைத்துவிட்டுப் போனது.

அது இலக்கியாவின் இடம்.

பக்கத்து இடத்துக்காரியான பாயிஸா, பையிலிருந்து ஒரு துணியை எடுத்துப் பலகையைத் துடைத்தாள்.

"அவதான் வரப்போறதில்லையே. யாருக்குத் தொடச்சிக்கினு இருக்க?" என்று பின்னாலிருந்து கேட்டான் தமிழழகன்.

பாயிஸா இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடைத்தாள்.

கள்ளக்குறிச்சியில் உள்ள அந்தப் பள்ளியில் அவர்கள் ஏழாம் வகுப்பு படித்தார்கள். இலக்கியாவின் ஊர் கல்வராயன் மலையில் இருந்தது. அவள் நகரத்தில் ஒரு விடுதியில் தங்கிப் படித்தாள். அதிகம் பேசமாட்டாள். ஆசிரியர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லுவாள். தனக்குத் தோன்றும் கேள்விகளையெல்லாம் பாயிஸாவின் காதில் மட்டும் கேட்பாள்.

எல்லாத் தொல்லையும் ஓர் அலைப்பெட்டியால் வந்தது.

அதன் உண்மையான பெயர் ஆசிலோஸ்கோப். அந்தப் பெயர் பாதிப் பேருக்கு வாயில் நுழையவில்லை. அதனால் வகுப்பே சேர்ந்து அதற்கு 'அலைப்பெட்டி' என்று பெயர் வைத்துவிட்டது. உள்ளங்கை அளவுதான் இருக்கும். ஒரு சின்னத் திரை, ஒரு திருகு, சில பொத்தான்கள். மைக்கை இணைத்துவிட்டுப் பேசினால், நம் குரல் மஞ்சள் அலையாகத் திரையில் ஓடும். அந்தப் பள்ளியில் படித்து இப்போது பெங்களூரில் வேலை பார்க்கும் ஒருவர் அதை அனுப்பியிருந்தார்.

அறிவியல் ஆசிரியை ஷாலினி ஒவ்வொருவர் கையிலும் அதைக் கொடுத்துப் பேசச் சொன்னார். தமிழழகன் பேருந்து ஹாரன் மாதிரி கத்தினான். அலை திரைக்கு வெளியே எகிறிப் போனது. வகுப்பே சிரித்தது.

அடுத்து இலக்கியாவின் முறை. "திருகை இப்படியும் அப்படியும் திருப்பிப் பாரு" என்று ஆசிரியை சொல்லியிருந்தார். இலக்கியா திருகை ஒரு பக்கமாகக் கடைசி வரை திருப்பினாள். பிறகு அலையைப் பிடித்து நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள்.

திரை அப்படியே உறைந்துபோனது; மறுபடி அழுத்தியும் அலை ஓடவில்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டால், ஒரு சின்னம் மட்டும் வந்து நின்றது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

"கடைசியா யார் கையில இருந்துச்சு?" என்று கேட்டார் ஷாலினி ஆசிரியை.

கோபமாகக் கேட்கவில்லை. ஆனாலும் அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. வகுப்பு முழுவதும் இலக்கியாவைத் திரும்பிப் பார்த்தது.

"நான் ஒண்ணும் பண்ணல டீச்சர்" என்றாள் இலக்கியா. அது முன்வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது.

"ஆமா டீச்சர், நான் பக்கத்துல இருந்து பாத்தேன். அவ ஒண்ணும் பண்ணல!" என்றாள் பாயிஸா.

"நீ அவ ஃப்ரெண்டு. வேற எப்படிச் சொல்லுவ?" என்றான் தமிழழகன்.

அதோடு முடியவில்லை. செய்தி விடுதிக்கும் போனது. "அலைப்பெட்டி வந்துட்டா, எல்லாரும் பொருளை எடுத்து ஒளிச்சி வெச்சிக்குங்க" என்று சாப்பாட்டு வரிசையில் யாரோ இலக்கியாவைப் பார்த்துச் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சில நாள் கழித்து அவளை அழைத்துப்போக இலக்கியாவின் அப்பா மலையிலிருந்து இறங்கி வந்தார்.

விடுதி வாசலில் பாயிஸாவும் இலக்கியாவும் பேசிக்கொள்ளக் கொஞ்ச நேரமே கிடைத்தது.

"அம்மாவும் அப்பாவும் காப்பித் தோட்டத்துக்குப் போறாங்க. நானும் கூடப் போறேன்" என்றாள் இலக்கியா.

"எப்ப வருவ?"

"பழம் பறிச்சு முடிச்சாதான்."

"அப்ப பரீட்சை?"

இலக்கியா செருப்பால் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். பிறகு அப்பாவோடு போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை, ஷாலினி ஆசிரியை அலைப்பெட்டியைப் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பப் போகிறாராம்.

"டீச்சர், இத்த திங்கக்கிழமை வரைக்கும் எங்கிட்ட குடுங்க" என்றாள் பாயிஸா.

"வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற?"

"தெரியல டீச்சர். ஆனா அவ ஒடைக்கல."

ஆசிரியை கயிற்றை அவிழ்த்தார். "இதுக்குமேல கெட்டுப்போவ இதுல இன்னா இருக்கு? எடுத்துக்கினு போ."

பாயிஸாவின் அப்பா சுபைர், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். செல்போன் உறை, சார்ஜர், கேபிள் எல்லாம் அங்கே கிடைக்கும். வீடு கடைக்குப் பின்னாலேயே இருந்தது. வீட்டு அலமாரியில் அண்ணன் ஜாபரின் பழைய மடிக்கணினி இருந்தது. அவன் பள்ளியில் படித்தபோது அரசாங்கம் கொடுத்தது. அதன் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. சுவரில் செருகினால்தான் வேலை செய்யும்.

சனிக்கிழமை மதியம் பாயிஸா அதைத் திறந்தாள். அலைப்பெட்டியின் முதுகில் இருந்த பெயரையும் எண்ணையும் இணையத்தில் தட்டித் தேடினாள்.

அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. அலைப்பெட்டிக்குள் ஒரு நிரல் இருக்கிறது. ஃபர்ம்வேர் என்று அதற்குப் பெயர். திருகைத் திருப்பினால் என்ன செய்ய வேண்டும், பொத்தானை அழுத்தினால் என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த நிரல்தான் பெட்டிக்குச் சொல்லிக்கொடுக்கிறது. இந்தப் பெட்டியின் நிரல் திறமூல நிரல். அதாவது, அதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். தப்பு இருந்தால் திருத்தலாம். பல நாடுகளில் இருப்பவர்கள் அதைத் திருத்தி, ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. பாயிஸா தெரியாத சொற்களை ஒவ்வொன்றாகத் தேடித் தேடிப் படித்தாள். ஓர் இடத்தில் அவள் விரல் நின்றது.

அங்கே ஒரு புகைப்படம் இருந்தது. உறைந்துபோன அதே மஞ்சள் கோடு!

கீழே யாரோ ஓர் அப்பா எழுதியிருந்தார். 'திருகைக் கடைசி வரை திருப்பிவிட்டு நிறுத்தும் பொத்தானை அழுத்தினால் பெட்டி உறைந்துவிடுகிறது. அதன் பிறகு சின்னத்தைத் தாண்டி வருவதில்லை. என் மகன்தான் உடைத்துவிட்டான் என்று அவனைத் திட்டிவிட்டேன். பிறகு நானே செய்து பார்த்தேன். தப்பு நிரலில் இருக்கிறது.'

அதற்கு வேறொருவர் பதில் எழுதியிருந்தார். 'ஆமாம். பழைய நிரலில் இந்தக் குறை இருக்கிறது. புதியதில் சரிசெய்துவிட்டோம். மகனிடம் சொல்லுங்கள்.'

பாயிஸா எழுந்து வாசல் பக்கம் பார்த்துக் கத்தினாள்.

"அண்ணே! இங்க வா!"

ஜாபர் வந்து படித்துப் பார்த்தான். "அப்புறம் இன்னா, வேலை முடிஞ்சுது. இத்தக் கொண்டுபோய் டீச்சர்கிட்ட காட்டு."

"காட்டினா, 'அது எங்கயோ யாருக்கோ நடந்தது'ன்னு தமிழழகன் சொல்லுவான். பெட்டி வேலை செய்யணும்ண்ணே. எல்லார் கண்ணு முன்னாடியும் செய்யணும்."

"எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா. நீயே படிச்சிப் பண்ணு" என்று சொல்லிவிட்டு ஜாபர் கடைக்குப் போய்விட்டான்.

நிரலை மாற்றுவதற்கான கருவியும் இலவசமாகவே கிடைத்தது. அதில் அழுத்துவதற்குப் படமோ பொத்தானோ இல்லை. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும், 'எனக்குப் புரியவில்லை' என்று சொல்லிவிடும்.

'என்னோடு என்னென்ன சாதனம் இணைந்திருக்கிறது?' என்று கணினியைக் கேட்பதுதான் முதல் கட்டளை. பாயிஸா பார்த்துப் பார்த்துத் தட்டினாள்.

ஒன்றும் இல்லை என்றது கணினி.

மறுபடி தட்டினாள். மறுபடியும் ஒன்றும் இல்லை.

எழுத்துகளைச் சரிபார்த்தாள். எல்லாம் சரியாகவே இருந்தது. பிறகு கேபிளைப் பார்த்தாள். அது ஒரு டார்ச் லைட்டோடு வந்தது. கடைக்கு ஓடினாள்.

"அத்தா, இந்தக் கேபிள்ல ஃபோட்டோ அனுப்ப முடியுமா?"

"அதுல கரண்டு மட்டுந்தாம்மா போவும். ஃபோட்டோ போவணும்னா வேற கேபிள்" என்று சொல்லி, வேறொன்றை எடுத்துக் கொடுத்தார் சுபைர்.

அதைச் செருகியதும் கறுப்புத் திரையில் ஒரு வரி வந்தது. அலைப்பெட்டி அங்கே இருந்தது! பாயிஸா துள்ளிய துள்ளலில் நாற்காலி பின்னால் சாய்ந்தது.

அவள் அவசரப்படவில்லை. பழைய நிரல் தேவைப்பட்டாலும் படலாம் என்று, இணையத்திலிருந்து பழையது, புதியது இரண்டையும் இறக்கி வைத்துக்கொண்டாள். பிறகு புதியதை எழுதும் கட்டளையைக் கொடுத்தாள். திரையில் ஒரு கோடு மெல்ல மெல்ல நீண்டது. கால்வாசி. அரைவாசி. இன்னும் கொஞ்சம்...

மின்சாரம் போய்விட்டது.

மின்விசிறி நின்றது. மடிக்கணினித் திரை இருண்டது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

பாயிஸா அலைப்பெட்டியை எடுத்து, பொத்தானை அழுத்தினாள். முன்பு அந்தச் சின்னமாவது வந்தது. இப்போது அதுவும் வரவில்லை. கறுப்புத்தான்.

இலக்கியா உடைக்காததை நான் உடைத்துவிட்டேன் என்று அவள் நினைத்தாள்.

பெட்டியைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். பசிக்கவில்லை என்றாள். ஜாபர் வந்து எட்டிப் பார்த்தான். நடந்தது அவனுக்குப் புரிந்துவிட்டது.

"நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றான் மெதுவாக. "முன்னாடியே கெட்டுப்போனதுதான. அப்படியே குடுத்துடு. யாருக்கும் தெரியாது."

அதைக் கேட்டதும் பாயிஸாவுக்கு அழுகை இன்னும் அதிகமாக வந்தது. அப்படியே கொடுத்துவிட்டால், இதுவும் இலக்கியாவின் தலையில்தானே போய் விழும்?

"இல்லண்ணே. நான்தான் பண்ணேன்னு டீச்சர்கிட்ட சொல்லிடுவேன்" என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, அப்புறம் நடக்கப்போவது கண்முன் வந்தது. வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்க்கும். தமிழழகன் ஏதாவது பெயர் வைப்பான். இலக்கியா ஏன் ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசாமல் ஊருக்குப் போனாள் என்பது அவளுக்கு இப்போது நன்றாகவே புரிந்தது.

மின்சாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வந்தது. பாயிஸா அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தாள். நேற்று அது நீளமாக இருக்கிறது என்று பாதியிலேயே நிறுத்தியிருந்தாள். இன்று கடைசி வரி வரை படித்தாள். கடைசிக்குக் கொஞ்சம் மேலே இப்படி இருந்தது:

'எழுதும்போது பாதியில் நின்றுவிட்டால் பயப்படாதீர்கள். பெட்டியின் உள்ளே அழிக்கவே முடியாத ஒரு சிறு பகுதி இருக்கிறது. ஓரத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே கேபிளைச் செருகுங்கள். அந்தப் பகுதி விழித்துக்கொள்ளும்.'

பாயிஸா உடனே செருகிவிடவில்லை. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நேராகக் கடைக்குப் போனாள்.

"அத்தா, இன்வர்ட்டர்ல ஒரு பிளக்கு வேணும்."

"கரண்டுதான் இருக்குதே?"

"நேத்தும்தான் இருந்துச்சு."

சுபைர் சிரித்துக்கொண்டே மேசை விசிறியின் பிளக்கைப் பிடுங்கி இடம் கொடுத்தார்.

பாயிஸா ஓரத்துப் பொத்தானை அழுத்திக்கொண்டே கேபிளைச் செருகினாள். கட்டளையைத் தட்டினாள்.

அந்த ஒரு வரி மறுபடி வந்தது.

இந்த முறை கோடு முழுவதும் நீண்டது. அலைப்பெட்டியில் சின்னம் வந்து, மறைந்து, மஞ்சள் கோடு ஓடத் தொடங்கியது. பாயிஸா திருகைக் கடைசி வரை திருப்பி, நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். அலை நின்றது; மறுபடி அழுத்தியதும் ஓடியது. மைக்கை இணைத்தாள்; வெளியே ஒரு பேருந்து ஹாரன் அடித்தது. அதுவும் அலையாக ஓடியது.

"அத்தா! அண்ணே! ஓடுது!"

ஜாபர் முதுகில் தட்டிக்கொடுத்தான். ஆனால் அவள் அடுத்துச் செய்ததைப் பார்த்து அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பழைய நிரலை எடுத்து, மறுபடி பெட்டிக்குள் எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஏய்! பைத்தியமா உனக்கு? இன்னா பண்ற?"

"நாளைக்கு வேணும்ண்ணே."

திங்கள்கிழமை காலை பாயிஸா ஷாலினி ஆசிரியையிடம் நடந்ததை எல்லாம் சொன்னாள், மின்சாரம் போனது உட்பட. வகுப்பில் மேசைமேல் மடிக்கணினியையும் அலைப்பெட்டியையும் வைத்தாள்.

"ஓடுதே!" என்று முதல் ஆளாக எழுந்து வந்தது தமிழழகன்தான். "குடு, நான் பாக்கறேன்."

பாயிஸா கொடுத்தாள். "திருகைக் கடைசி வரைக்கும் திருப்பு. இப்ப நிறுத்துற பொத்தானை அழுத்து."

தமிழழகன் அழுத்தினான். திரை உறைந்துபோனது. பதறிப்போய் அணைத்துப் போட்டான். சின்னம் மட்டும் வந்து நின்றது.

வகுப்பு முழுவதும் அவனைப் பார்த்தது.

"நான் ஒண்ணும் பண்ணல!" என்றான் அவன். குரல் உடைந்துபோயிருந்தது. "நெஜமா, நான் ஒண்ணும் பண்ணல டீச்சர்!"

இந்த இடத்தில் சொல்வதற்காக, வழியெல்லாம் ஒரு பேச்சைத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தாள் பாயிஸா. நல்ல சூடான பேச்சு. ஆனால் அவன் முகம் வெளுத்திருந்ததைப் பார்த்ததும் அது அவளுக்கு மறந்துபோயிற்று.

"தெரியும்" என்றாள். "நீ ஒண்ணும் பண்ணல. உள்ள இருக்கற நிரல்லதான் தப்பு. இலக்கியாவும் ஒண்ணும் பண்ணல."

பாயிஸா கேபிளைச் செருகிக் கட்டளையைத் தட்டினாள். அந்தக் கோடு நீண்டு முடியும்வரை எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். பிறகு அலைப்பெட்டியைத் தமிழழகனிடமே கொடுத்தாள். அவன் திருகைத் திருப்பினான். பொத்தானை அழுத்தக் கொஞ்சம் தயங்கினான். அழுத்தினான். அலை நின்றது; மறுபடி அழுத்தியதும் ஓடியது.

"யார் கையில இருந்துச்சுன்னு நான் கேட்டிருக்கக் கூடாது" என்றார் ஷாலினி ஆசிரியை. "இன்னா ஆச்சுன்னு கேட்டிருக்கணும்."

அன்று மதியமே, தலைமையாசிரியரிடமும் வீடுகளிலும் சொல்லிவிட்டு, ஆசிரியை மலைக்குப் போகும் வெள்ளிமலைப் பேருந்தில் ஏறினார். பாயிஸா கூடப் போனாள். "நானும் வரேன்" என்று தமிழழகனும் ஏறிக்கொண்டான். கச்சிராயபாளையம் தாண்டியதும் மலை வளைவுகள் தொடங்கின. மேகம் சாலையிலேயே இறங்கிக் கிடந்தது. பேச வாயைத் திறந்தால் வாந்தி வந்துவிடும் என்று தமிழழகன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். அவன் இவ்வளவு நேரம் பேசாமலிருந்து பாயிஸா பார்த்ததே இல்லை.

இலக்கியாவின் வீட்டு வாசலில் மூட்டைகள் கட்டித் தயாராக இருந்தன. மறுநாள் காப்பித் தோட்டத்துக்கு வண்டி வருகிறதாம். அப்பா மாயவன் எழுந்து நின்று, "வாங்க" என்றார். அம்மா காசியம்மாள் எழவில்லை.

"எம் பொண்ணு எதுத்து ஒரு வார்த்தை பேசாது. அதனாலதான அது தலையில கட்டினீங்க?" என்று கேட்டார்.

"ஆமாங்க. தப்பு எம்மேலதான். அத்தச் சொல்லத்தான் வந்தேன்" என்றார் ஆசிரியை. மழையில் நின்றபடியேதான் சொன்னார். காசியம்மாள் கொஞ்சம் நகர்ந்து அவருக்குக் கூரையடியில் இடம் விட்டார்.

இலக்கியா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். தமிழழகன் அவள் முன்னால் போய்த் தரையைப் பார்த்தான்.

"என் கையிலயும் அது நின்னுபோச்சு" என்றான்.

"பயந்துட்டியா?"

"ரொம்ப."

இலக்கியா அவனையே பார்த்தாள். "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்றாள்.

காசியம்மாள் மகளைத் திரும்பிப் பார்த்தார். "நீ எங்களோட வரியா, படிக்கப் போறியா? உன் இஷ்டம்."

இலக்கியா நெடுநேரம் மூட்டைகளைப் பார்த்தாள். படிக்கப் போனால், பறிப்பு முடியும்வரை அம்மாவையும் அப்பாவையும் பார்க்க முடியாது.

"படிக்கப் போறேம்மா" என்றாள். கண் நிறைந்திருந்தது. ஆனால் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"மழையா இருக்குது. நாளைக்கு வண்டி ஏறதுக்கு முன்னாடி நானே கொண்டாந்து வுடறேன்" என்றார் மாயவன்.

"நாளைக்கு மொதல் மணியே அறிவியல்தாம்ப்பா" என்று சொல்லிக்கொண்டே, இலக்கியா தன் மூட்டையை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்தாள். காசியம்மாள் சாரலில் நனைந்திருந்த மகளின் தலையைத் தன் சேலையால் துவட்டிவிட்டார். துவட்டி முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை.

கடைசிப் பேருந்து இறக்கத்தில் இறங்கியபோது மழை இன்னும் விட்டிருக்கவில்லை. பின்னால் எத்தனையோ இருக்கைகள் காலியாக இருந்தன. ஆனாலும், இருவர் உட்காரும் ஓர் இருக்கையில் மூன்று பிள்ளைகளும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.